ஓசூர் ரோஜா மெல்போர்ன் வந்து சேரும் நேரம்

1

மெல்போர்னிலிருந்து நம் ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்று யார் கேட்டாலும் பதினான்கு மணி நேரம் என்று சொல்லிவிடுவேன். பதினோரு வருடமாக அதையேதான் சொல்லிவருகிறேன். அது பாதி உண்மை. பன்னிரண்டு மணி நேரம் பறப்பதும், நடுவில் சிங்கப்பூரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் சேர்ந்த கணக்கு அது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்திலிருந்து எண்ண வேண்டும். பெங்களூரில் இறங்கி வரிசையில் நின்று, பெட்டிக்குக் காத்திருந்து, நகரத்துக்குள் ஊர்ந்து, அத்திப்பள்ளியைத் தாண்டி, ஓசூரில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே சிக்கி, சூளகிரி தாண்டி எங்கள் ஊர் மண் ரோட்டில் வண்டி திரும்பும்வரை எண்ணினால் ஒரு முழு நாளைத் தாண்டிவிடும். தூரம் ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீட்டர்.

போன மாதம் நாங்கள் இங்கே வந்து பதினோரு வருடம் நிறைந்தது. என் மனைவி பவித்ரா பாயசம் வைத்தாள். சாப்பிடும்போது, டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகலாமா என்று மகள் ஹர்ஷிதாவிடம் கேட்டேன். அவளுக்குப் பதினாறு வயது. போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"போக வர ட்ராவலுக்கே மூணு நாள் வேஸ்ட்பா. சித்தப்பாவ சிங்கப்பூர் வரச் சொல்லுங்க. அது மிடில்லதானே இருக்கு? அங்கயே மீட் பண்ணிட்டுத் திரும்பிடலாம்."

பவித்ரா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்கப்பூர் நடுவில் இல்லை; நம் ஊருக்குத்தான் பக்கம். ஆனால் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் அதுவல்ல. எனக்கும் என் தம்பிக்கும் நடுவே இருக்கும் தூரம் எவ்வளவு என்று போன வருடம் பிப்ரவரியில் நான் அளந்து பார்த்திருக்கிறேன். ஊரில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

2

நான் போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் தர ஆய்வாளனாக இருந்தேன். தட்டில் வைத்த உதிரி பாகங்களில் விரிசல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. பவித்ரா கிருஷ்ணகிரியில் நர்ஸ். அவளுக்கு இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவில் நான் பின்னால் வந்தேன். என் அனுபவச் சான்றிதழை இங்கே யாரும் மதிக்கவில்லை. கடைசியில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுப் பூக்களை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியின் கிடங்கில் சேர்ந்தேன். பெட்டியைப் பிரித்து நல்ல பூ எது, ஆகாத பூ எது என்று பிரிக்கும் வேலை. இரும்புக்குப் பதில் பூ, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்ந்த புதிதில் மேலாளர் டேவிடம் போய், "ஐ ஹேவ் எ டவுட்" என்று சொல்வேன். நம் ஊரில் வகுப்பில் கை தூக்கினாலும் டவுட்தான், மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று கேட்டாலும் டவுட்தான். டேவ் ஒவ்வொரு முறையும் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். யாரைச் சந்தேகப்படுகிறாய், எது சரியில்லை என்று கேட்பான். இங்கே அந்தச் சொல்லுக்கு அவ்வளவு எடை இருப்பது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

தம்பி முனிராஜ் என்னைவிட ஆறு வயது இளையவன். அப்பா போன பிறகு நிலத்தைப் பார்த்துக்கொள்வது அவன்தான். தக்காளி போட்டு இரண்டு தடவை விலை கிடைக்காமல் ரோட்டோரம் கொட்டிய பிறகு, நிலத்தை ஒரு வட்டிக்காரரிடம் அடகு வைத்து, பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பாலி ஹவுஸ் போட்டு ரோஜா நட்டான். சிவப்பு ரோஜா மட்டும். சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு பேக் ஹவுஸ் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பதினோரு பேர் பூவை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். தரம் பிரித்து, பெட்டி கட்டி, வெளிநாட்டுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் எண் உண்டு. பெட்டியில் அந்த எண்ணை ஒட்டுவார்கள். தம்பியின் எண் ஏழு.

அந்த பேக் ஹவுஸின் பூவை எங்கள் கம்பெனி வாங்கலாம் என்று டேவிடம் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என் ஊர் ஆட்கள், நான் பொறுப்பு" என்றேன். போன வருடம் காதலர் தினத்துக்கு நூற்று அறுபது பெட்டி அனுப்பச் சொல்லி ஒப்புக்கொண்டார்கள். அதுதான் முதல் பெரிய சரக்கு.

ரோஜா பயணம் செய்வது மனிதன் பயணம் செய்வதைவிடச் சிக்கலானது. விடியற்காலை அறுத்தால், அன்று மத்தியானத்துக்குள் பெட்டி கட்டி, குளிர் வண்டியில் பெங்களூர் விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். இந்த நாட்டு மண்ணில் நட்டால் வேர் விட்டுவிடக் கூடாது என்பதால் காம்புகளை ஒரு மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். பூச்சி இல்லை என்று அங்கே ஒரு சான்றிதழ். இங்கே இறங்கியதும் எங்கள் கிடங்குக்கே அரசாங்க அதிகாரி வந்து, சில பெட்டிகளைப் பிரித்துப் பார்ப்பார். உயிரோடு ஒரு பூச்சி அகப்பட்டால் போதும். அகப்பட்ட பெட்டிக்கு மட்டுமல்ல, மொத்தச் சரக்குக்கும் விஷ வாயு அடிப்பார்கள். வாயு பட்ட சிவப்பு ரோஜாவின் ஓரம் மறுநாளே டீ கறை மாதிரி ஆகிவிடும்.

3

சரக்கு கிளம்பிய அன்று மாலை ஆறரை மணிக்கு முனிராஜிடமிருந்து போன் வந்தது. இங்கே பிப்ரவரியில் அப்போதும் நல்ல வெயில். நம் ஊரில் மத்தியானம் ஒரு மணி. நான் வேலை முடிந்து காரில் ஏறிக்கொண்டிருந்தேன்.

"பெட்டியெல்லாம் கட்டியாச்சுண்ணா. என்து பதினாலு. நாலு மணிக்கு வண்டி."

"நல்லது. வண்டியில குளிர் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லு."

பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. ஒருத்தி தெலுங்கில் எதையோ சொல்லிச் சிரித்தாள். பிறகு கதவு சாத்துகிற சத்தம். வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது.

"அண்ணா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். மூணாவது வரிசையில பேன் விழுந்திருந்துச்சு."

பேன் என்றால் ரோஜா இதழுக்குள் புகுந்துகொள்ளும் இலைப்பேன். நூல் நுனி அளவுதான் இருக்கும். இங்குள்ள அதிகாரிகள் முதலில் தேடுவதே அதைத்தான்.

"எப்ப?"

"எட்டு நாளைக்கு முன்ன. மருந்து அடிச்சேன். ரெண்டு தடவ அடிச்சேன். இப்ப கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

"அந்த வரிசைப் பூவும் பெட்டியில இருக்கா?"

"எல்லாம் கலந்துதான் இருக்கு."

"அப்புறம் எதுக்குடா அனுப்புற?"

"அனுப்பாம? பேக் ஹவுஸ்ல சொன்னா பதினோரு பேர் சரக்கையும் நிறுத்திடுவாங்க. எல்லாரும் இந்த ஒரு வாரத்த நம்பித்தான் செடிய வச்சிருக்காங்க. பேன் இல்லண்ணா. போயிடுச்சு. தொண்ணூத்தொம்போது பங்கு போயிடுச்சு."

"மீதி ஒரு பங்கு?"

"அதுக்குத்தான் உங்கிட்ட சொல்றன். நீ அங்க இருக்கறயே. பாத்துக்க."

போனை வைத்துவிட்டான்.

காரை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பாத்துக்க என்றால் என்ன? மறைத்துவிடு என்கிறானா? கவனமாக இரு என்கிறானா? நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம் உண்டு. பிள்ளையைப் பார்த்துக்கொள், செலவைப் பார்த்துக்கொள், போலீஸ்காரரைப் பார்த்துக்கொள். திரும்பக் கூப்பிட்டு எந்த அர்த்தத்தில் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்குப் பிடிக்காத அர்த்தத்தை நானே எடுத்துக்கொண்டு, அவன்மேல் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

4

மறுநாள் முழுதும் போனில் அந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து கிளம்பிய சின்ன மஞ்சள் விமானம் வங்காள விரிகுடாவைத் தாண்டி சிங்கப்பூரில் இறங்கியது. அங்கே அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான்கு ஏழானது. ஏழு பத்தானது. கடைசியில் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் கிளம்பும் என்று செய்தி வந்தது. டேவ் தலையில் கை வைத்துக்கொண்டான். பெட்டிகள் குளிர் அறையில் இருக்கின்றனவா, வெளியே வெயிலில் நிற்கின்றனவா என்று யாருக்கும் தெரியவில்லை. இவனைக் கேட்டால் அவனைக் கேள் என்றார்கள். அவனைக் கேட்டால் பொத்தானை அழுத்து என்று ஒரு பதிவு செய்த குரல் சொன்னது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை, பூ வாடியே போகட்டும் என்று நினைத்தேன். வாடிவிட்டால் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடலாம். தாமதம் விமானக் கம்பெனியின் குற்றம். நான் வாயைத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். பதினோரு குடும்பத்தின் ஒரு வருட உழைப்பு என் ஒருவனின் வசதிக்காக அழுகிப்போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தது நான்தான்.

மாலையில் பவித்ராவிடம் சொன்னேன். அவள் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டா உன் தம்பி போச்சு. சொல்லலன்னா உன் வேல போச்சு," என்றாள். "நடுவுல என்ன நிறுத்தாத. எதப் பண்ணாலும் அப்புறம் நான் சொல்லித்தான் பண்ணேன்னு சொல்லக் கூடாது."

ஹர்ஷிதா படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? பூச்சி இருந்துச்சுன்னா சொல்லணும்."

"அது உன் சித்தப்பா தோட்டம்மா."

"ஸோ?"

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். ஐந்து வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தக்காளிக் கொல்லையைச் சுற்றி வந்தவன் அவன். அவளுக்கு அது நினைவில்லை. அந்த நிலத்தின்மேல் இப்போது எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியாது. இவளிடம் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் எழுந்து போய்விட்டேன். ஆனால் அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

5

சரக்கு விடியற்காலையில் இறங்கியது. ஒன்பது மணிக்குக் கிடங்குக்கு வந்தது. நல்ல வேளை, பெட்டிக்குள் குளிர் போகவில்லை. பூ இறுக்கமாகவே இருந்தது. நூற்று அறுபது பெட்டிகளையும் வரிசையாக அடுக்கினோம். ஏழாம் எண் ஒட்டிய பதினான்கும் இடது ஓரத்தில் ஒன்றாக இருந்தன. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். தலைமுடியை இறுகக் கட்டிய, அதிகம் பேசாத பெண்மணி. பட்டியலைப் பார்த்து, தன் விருப்பப்படி பன்னிரண்டு பெட்டிகளைக் காட்டினார். நான்தான் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தேன். மூன்றாம் எண், பதினொன்று, ஐந்து, மறுபடி மூன்று. ஏழு ஒன்றுகூட இல்லை.

அவர் ஒவ்வொரு பூக்கட்டையும் தலைகீழாகப் பிடித்து வெள்ளைத் தட்டின்மேல் தட்டினார். விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பூதக் கண்ணாடியில் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு பெட்டியும் முடிந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பேனாவை எடுத்தார். டேவ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. நம் ஊரில் விடிகாலை ஐந்து பத்து. தம்பி தூங்கிக்கொண்டிருப்பான், எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியும், அவன் தூங்கவில்லை. ஐந்து மணிக்கு அவன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கத்தரியோடு வரிசைக்குள் நிற்பான். போன் சட்டைப் பையில் இருக்கும். ஒரு தடவை மணி அடித்தாலே எடுத்துவிடுவான்.

நான் கூப்பிடவில்லை.

"ஐ ஹேவ் எ டவுட்," என்றேன்.

எட்டு வருடத்துக்கு மேலாக விட்டிருந்த சொல். அந்த நேரத்தில் வேறெதுவும் வாயில் வரவில்லை. அதிகாரியின் பேனா நின்றது. டேவின் சிரிப்பும் நின்றது. அப்போதும் பின்வாங்கியிருக்கலாம், படிவத்தில் ஒரு கேள்வி என்று சமாளித்திருக்கலாம். நான் இடது ஓரத்தைக் கை காட்டினேன்.

"அந்தப் பதினான்கு பெட்டிகளையும் பார்த்துவிடுங்கள். அந்தத் தோட்டத்தில் போன வாரம் இலைப்பேன் இருந்தது. மருந்து அடித்திருக்கிறார்கள்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அதிகாரி.

"தோட்டக்காரர் என் தம்பி."

குளிர் இயந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அவர் மறுபடி கையுறையை மாட்டினார்.

பெட்டிகளை நான் தூக்கக் கூடாது என்று டேவ் சொல்லிவிட்டான். வேறு இருவர் தூக்கினார்கள். நான் சுவரோரம் நின்றேன். ஒரு கட்டு, இரண்டு கட்டு. ஐந்தாவது பெட்டியில் அவர் குனிந்தவர் நிமிரவில்லை. ஊசி போன்ற ஒன்றை எடுத்து, தட்டில் எதையோ நகர்த்தினார். நகர்த்திவிட்டுக் காத்திருந்தார். மறுபடி நகர்த்தினார்.

"இலைப்பேன்தான்," என்றார். "செத்தது."

மீதிப் பெட்டிகளில் இன்னும் மூன்று கிடைத்தன. நான்கும் செத்தவை. மருந்து வேலை செய்திருந்தது. தம்பி சொன்ன தொண்ணூற்றொன்பது பங்கு, நூறாகவே இருந்திருக்கிறது. செத்த பூச்சிக்கு வாயு அடிப்பதில்லை. பதினொன்றே முக்காலுக்கு அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். டேவ் என் தோளைத் தட்டினான். அன்றைக்கே ஒரு படிவத்திலும் கையெழுத்து வாங்கிக்கொண்டான். ஏழாம் எண் பெட்டிகளை இனி நான் தொடக் கூடாது, உறவினர் சரக்கு என்பதால்.

வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தான்.

"என்னாச்சுண்ணா?"

"பாஸ் ஆயிடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் மூச்சு விட்டது காதில் கேட்டது. அழுகிறானோ என்றுகூடத் தோன்றியது. அவன் பெட்டியைத் திறக்கச் சொன்னதே நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சந்தோஷமாக இருக்கிறானே, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

6

நாளைக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஆய்வு அறிக்கையின் நகல் பேக் ஹவுஸுக்கு மின்னஞ்சலில் போனது. இறக்குமதியாளரின் ஊழியர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஏழாம் எண் பெட்டிகள் கூடுதலாகச் சோதிக்கப்பட்டன, செத்த இலைப்பேன் இருந்தது என்று அதில் வரி வரியாக எழுதியிருந்தது.

பேக் ஹவுஸ் மேனேஜர் அதைப் பதினோரு பேர் முன்னாலும் படித்தாராம். தம்பி மனைவி செல்வி போன் செய்து சொன்னாள்.

"உங்க ஆளே தொறக்கச் சொல்லியிருக்காருன்னு சொன்னாராம் மாமா. எல்லாரும் இவரத் திரும்பிப் பாத்தாங்களாம். கூடப்பொறந்தவனே காட்டிக் குடுத்துட்டான்னு ஒருத்தர் சிரிச்சாராம். வந்ததுலேர்ந்து சாப்பிடல. நீங்க கொஞ்சம் பேசுங்க."

கூப்பிட்டேன். அவன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினேன். கேட்டதற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. அந்த சீசன் முழுக்க ஏழாம் எண் பூவை மட்டும் பேக் ஹவுஸில் இரண்டு தடவை சோதித்தார்கள். ஐந்து மாதம் இப்படியே போனது. பூ மட்டும் வாரா வாரம் வந்தது. அந்தப் பெட்டிகளை வேறு ஆள் பிரிக்க, நான் தள்ளி நின்று பார்ப்பேன். இரண்டு நாளுக்கு முன்னால் அவன் கையால் அறுத்த பூ என் கண்ணெதிரே இருக்கும். அவன் குரல் வராது.

ஜூலையில் செல்வி மறுபடி கூப்பிட்டாள். அடகுக் கடனை வங்கிக்கு மாற்றப் போகிறார்களாம்; நிலம் இன்னும் எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவில் இருப்பதால் என் கையெழுத்து வேண்டுமாம். எனக்குப் பதில் தம்பியே கையெழுத்துப் போட, இங்குள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாக அதிகாரப் பத்திரம் அனுப்பப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் என் பெயருக்கு நடுவே ஓர் ஆங்கில எழுத்து கூடுதல். பட்டாவில் அது இல்லை. இரண்டும் ஒரே மாதேசன்தான் என்று நிரூபிக்க, மாதேசனே நேரில் வர வேண்டும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்துக்காக டிக்கெட் போட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த எழுத்துக்கு நன்றியும் சொல்லிக்கொண்டேன்.

7

விமான நிலையத்துக்கு முனிராஜே வந்திருந்தான். யாரிடமோ கார் வாங்கி வந்திருந்தான். பெட்டியை வாங்கிப் பின்னால் வைத்தான். "சாப்டியா?" என்று கேட்டான். "ஆச்சு" என்றேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. பெங்களூர் நெரிசலில் இரண்டரை மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் கீறிய தழும்புகள் முழங்கைவரை ஏறியிருந்தன. எல்லையைத் தாண்டி, ஓசூர் மேம்பாலம் தாண்டி, சூளகிரிக்கு முன்னால் ரோட்டோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினான். ஷிப்ட் முடிந்த தொழிற்சாலைப் பையன்கள் பைக்குகளில் சாய்ந்து நின்று ஒரியாவிலும் இந்தியிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் தள்ளிப் போய் நின்றோம்.

டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் பேசினான்.

"அன்னிக்கு உன்கிட்ட பேசிட்டு நான் என்னா பண்ணேன்னு உனக்குத் தெரியாது."

"சொல்லு."

"போன வச்சதும் மனசு ஆகல. நீ கேட்டயே, மீதி ஒரு பங்குன்னு. அது உள்ள உறுத்திக்கினே இருந்துச்சு. சரி, என் பெட்டிய மட்டும் எடுத்துடலாம், மத்தவங்களுது போவட்டும்னு பேக் ஹவுஸுக்குப் போனேன். வண்டி அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிடுச்சு. பைக்க எடுத்துக்கினு பின்னாடியே போனேன்."

"எங்க?"

"ஏர்போர்ட்டுக்கு."

சூளகிரியிலிருந்து அங்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, நகரத்தை முழுக்கக் கடந்து போக வேண்டும்.

"சரக்கு கேட்ல போய்க் கேட்டன். 'ஒளகே ஹோயித்து, ஆகோதில்லப்பா'ன்னான் செக்யூரிட்டி. உள்ள போயிடுச்சு, இனி முடியாதுன்னுட்டான். கன்னடத்துல கெஞ்சினேன், தெலுங்குல கெஞ்சினேன். பேப்பர் எல்லாம் ஆயிடுச்சாம். கொஞ்ச நேரம் அங்கயே சுவத்துல சாஞ்சு ஒக்காந்துட்டுத் திரும்பி வந்தேன்."

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"என்னான்னு சொல்றது? எடுக்கப் போனேன்னு சொன்னா, அப்ப பேன் நிச்சயமா இருக்குன்னு நீ முடிவு பண்ணிடுவ. பயந்துட்டேன்."

அவன் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீ தொறக்கச் சொன்னது தப்புன்னு நான் சொல்லவே இல்லண்ணா. செல்விகிட்ட கேட்டுப் பாரு. ஒரு நாள் சொன்னது இல்ல. ஆனா ஒரு போன். அஞ்சு மணிக்கு நான் முழிச்சுத்தான் இருப்பேன்னு உனக்குத் தெரியும். ஏன் பண்ணல?"

அந்தக் கேள்விக்கு ஐந்து மாதமாக நான் பல பதில்கள் தயார் செய்து வைத்திருந்தேன். நேரமில்லை, அதிகாரி நின்றுகொண்டிருந்தார், கிடங்குக்குள் போன் எடுக்கக் கூடாது. அவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டன்."

"சொல்லியிருந்தா? விட்டிருப்பியா?"

"இல்ல. அப்பவும் தொறக்கச் சொல்லியிருப்பேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன். ஒரு கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை பொறுத்திருந்தான்.

"இத அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தியானா," என்றான், "அந்த ஆள் பேப்பரப் படிக்கும்போது நான் தலையக் குனிஞ்சு நின்னிருக்க மாட்டேன். ஆமா, எங்கண்ணன் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் தொறந்தான்னு சொல்லியிருப்பேன். பதினோரு பேருக்கு முன்னாடி சொல்லியிருப்பேன்."

சொல்லிவிட்டு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தான். பன்னிரண்டு மணி நேரம் பறந்து வந்து, அவனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"நாலு மணிக்குள்ள பேங்க்குக்குப் போவணும்," என்றான். "பட்டா நகல் எடுத்துக்கினு வந்திருக்கறயா?"

"எடுத்துக்கினு வந்திருக்கறன்."

"பேரு?"

"ரெண்டு மாதிரியும் எழுதி, ரெண்டும் நான்தான்னு கையெழுத்து வாங்கியிருக்கறன்."

அவன் உதடு லேசாக விரிந்தது. கார் கதவைத் திறந்து, என் இருக்கைமேல் கிடந்த பழைய துண்டை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, ஏறு என்று தலையால் காட்டினான்.